ஹால்ட்ரெத்துக்கு ஒரு வாரிசு

ஹெல்ஸ்டோ
புனித மார்ட்டின் திருநாளுக்கு மறுநாள், 1309

அண்ணி இடோனியாவுக்கு, ஃபுல்க் எழுதுவது.

அண்ணனைப் புதைத்து எட்டு வாரம் ஆகிறது. குதிரை அவரைத் தூக்கி எறிந்த ஆற்றுத்துறையை நேற்றுக் கடந்து வந்தேன். தண்ணீர் முழங்காலுக்குத்தான் இருந்தது. இவ்வளவு தண்ணீரிலா யூடோ போனார் என்று குதிரையை நிறுத்திப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன். அதைப் பற்றி எழுத இப்போது கை வரவில்லை. எழுத வேண்டியது வேறு.

உங்கள் காரியஸ்தர் ஹாமோ வந்திருந்தார். நெருப்புப் பக்கம் உட்கார்ந்தவர் வெகுநேரம் தொப்பியைக் கையில் திருப்பிக்கொண்டே இருந்தார். பிறகு, "சின்னவரே, அம்மா முழுகாம இருக்காங்களாம். ஊர்ப் பொம்பளைங்க பேசிக்கிறாங்க. உங்க காதுல போடாம இருந்தா நாளைக்கு என்னைத்தான் கேப்பீங்க" என்றார்.

ஏழு வருடத் தாம்பத்தியத்தில் இல்லாத பிள்ளை அண்ணி. அடக்கத்தன்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அண்ணனின் ஹால்ட்ரெத், கிரான்மூர் இரண்டு பண்ணைகளுக்கும் வாரிசாக நான் நம் மேல்பிரபு வார்ன்ஃபீல்டின் முன் மண்டியிட்டு விசுவாசம் சொல்ல நாளும் குறித்தாயிற்று. இப்போது நான் என்ன செய்ய வேண்டும் என்று நினைக்கிறீர்கள்? விதவைக்குச் சேர வேண்டிய மூன்றில் ஒரு பங்கை யாரும் தொடப் போவதில்லை. அதற்கு மேல் கிரான்மூரின் மாவு ஆலையையும் உங்கள் பெயருக்கே விடுகிறேன். ஊர்ப் பேச்சு வெறும் பேச்சுதானா என்று மட்டும் சொல்லுங்கள்.

ஃபுல்க்

---

ஹால்ட்ரெத்
புனித கதரீன் திருநாள், 1309

தம்பி ஃபுல்க்குக்கு,

வெறும் பேச்சு இல்லை.

அடக்கத்தன்று ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறாய். அன்றைக்கு எனக்கே தெரியாது. தெரிந்திருந்தாலும் எப்போது சொல்லியிருப்பேன்? கோயிலிலிருந்து திரும்பி நான் முக்காட்டைக்கூட எடுக்கவில்லை, பத்திரப் பெட்டி எங்கே என்று நீ கேட்டுவிட்டாய். உன் அண்ணனின் ஈரச் செருப்பு அந்தப் பெட்டிமேல்தான் காய்ந்துகொண்டிருந்தது. அதை எடுத்துக் கீழே வைத்துவிட்டு நீ பூட்டை இழுத்துப் பார்த்தாய். நான் கண்டேன்.

உன் அண்ணன் வடக்கு எல்லைக் காவலிலிருந்து ஆகஸ்ட் முதல் வாரம் வீட்டுக்கு வந்தார். செப்டம்பரில் போய்விட்டார். இடையில் ஆறு வாரம் இந்த வீட்டில் என்னோடு இருந்தார். இதற்கு மேல் ஒரு மைத்துனனுக்கு எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

உன் மாவு ஆலை எனக்கு வேண்டாம். பிரபுவின் முன் மண்டியிட அவசரப்படாதே. மே மாதம் வரை பொறு.

இடோனியா

---

ஹெல்ஸ்டோ
மூன்று அரசர் திருநாள் கழிந்த நான்காம் நாள், 1310

அண்ணிக்கு,

என்னைத் திட்டுவீர்கள் என்று தெரிந்தே எழுதுகிறேன். மன்னரின் நீதிமன்றத்தில் விண்ணப்பித்திருந்தேன். ஆணை வந்துவிட்டது. மெழுகுவர்த்தித் திருநாளுக்கு மறுநாள் ஷெரீஃப் பன்னிரண்டு பெண்களை அழைத்து வருவார். அவர்கள் உங்களைச் சோதித்துப் பார்த்துச் சொல்வார்கள். வயிற்றில் பிள்ளை இருப்பது உண்மையானால், பிரசவம் வரை நீங்கள் காவலுள்ள ஒரு வீட்டில் இருக்க வேண்டும். வெளியிலிருந்து வேறு பிள்ளை எதுவும் உள்ளே வந்துவிடக் கூடாது என்பதற்காகச் சட்டம் அப்படிச் சொல்கிறது.

நிலத்தாசை என்பீர்கள். ஆசை இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். எனக்கு மூன்று மகன்கள். அம்மா வழியில் வந்த ஹெல்ஸ்டோ என்கிற ஒரே ஒரு சிற்றூர்தான் சொத்து. ஆனால் அது மட்டும்தான் என்று நினைக்காதீர்கள்.

எங்கள் அப்பா இறந்தபோது அண்ணனுக்கு ஒன்பது வயது, எனக்கு ஆறு. வயது வராத வாரிசு என்றால் நிலமும் பிள்ளையும் மேல்பிரபுவின் கைக்குப் போகும். இன்றைய வார்ன்ஃபீல்டின் அப்பாதான் அன்று வந்தார். அண்ணனைக் குதிரையில் தூக்கி வைத்தார்கள். அம்மா சேணத்தைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை நடந்தாள். அடுத்த வசந்தத்தில் அம்மாவை எங்கோ வடக்கே ஒரு கிழவனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். பிறகு நாங்கள் அவளைப் பார்க்கவே இல்லை. அண்ணன் இருபத்தொரு வயதில் திரும்பி வந்தபோது ஹால்ட்ரெத் காட்டில் வெட்டுவதற்கு ஒரு கருவாலி மரம் மிச்சமில்லை; வீட்டுக்குக் கூரை இல்லை.

உங்களுக்குப் பிள்ளை பிறந்தால் அந்தப் பிள்ளைக்கும் இதுதான். பிறக்காவிட்டால் நிலம் என் கையில், நம் குடும்பத்தில் இருக்கும். நான் எதற்காக வேண்டிக்கொள்கிறேன் என்று இப்போது தெரிகிறதா?

ஃபுல்க்

---

கிரான்மூர்
புனித வாலண்டைன் திருநாள், 1310

ஃபுல்க்,

உன் பன்னிரண்டு பெண்கள் வந்தார்கள். நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே விவரமாக எழுதுகிறேன்.

ஷெரீஃபும் இரண்டு வீரர்களும் கூடத்தில் நின்றார்கள். கதவுக்கு இந்தப் பக்கம் நான் ஒருத்தி, அவர்கள் பன்னிரண்டு பேர். பாதிப் பேர் உன் ஹெல்ஸ்டோக்காரிகள். மூத்தவள் சபீனா என்கிற மருத்துவச்சி. "கையச் சூடு காட்டிட்டு வாங்கடி, இந்தக் குளிர்ல அப்படியே வைக்காதீங்க" என்றாள். ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மன்னிச்சுக்குங்கம்மா, எங்க வீட்டுக்காரர் உங்க நிலத்துலதான் உழுறாரு" என்றாள். இன்னொருத்தி சிரித்தாள். பன்னிரண்டு ஜோடிக் கைகள். நான் கூரையின் உத்தரங்களை எண்ணிக்கொண்டு படுத்திருந்தேன்.

அப்போது பிள்ளை உதைத்தது. சபீனாவின் உள்ளங்கைக்குக் கீழேதான் உதைத்தது. அவள் கையை எடுக்காமல் வாசலைப் பார்த்து, "ஐயா, எழுதிக்குங்க. இருக்கு. நல்லாவே இருக்கு. மே கடைசிக்குள்ள பொறந்துரும்" என்றாள்.

அன்றே என்னைக் கிரான்மூருக்குக் கொண்டுவந்தார்கள். மூன்று கதவுகளில் இரண்டை ஆணி அடித்து மூடிவிட்டார்கள். நான் முகம் கழுவினாலும் ஒரு பெண் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். ரொட்டிக் கூடையைக்கூடக் கவிழ்த்துப் பார்த்துத்தான் உள்ளே விடுகிறார்கள்.

உன் அம்மாவின் கதையை உன் அண்ணன் என்னிடம் சொல்லியிருக்கிறார். அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டே இன்னொரு பெண்ணின் கதவில் ஆணி அடிக்கலாம் என்று அவருக்குத் தோன்றியிருக்காது.

இடோனியா

---

ஹெல்ஸ்டோ
தவக்கால மூன்றாம் ஞாயிறு, 1310

அண்ணி,

இதை எந்தப் பாதிரியாரிடமும் சொல்லி எழுதவைக்கவில்லை, என் கையெழுத்து. படித்ததும் எரித்துவிடுங்கள்.

பிள்ளை அண்ணனுடையதுதான். நாட்களைக் கூட்டிப் பார்த்துவிட்டேன். சந்தேகப்பட்டது என் தவறு. மன்னிப்பைப் பிறகு கேட்டுக்கொள்கிறேன், இப்போது நேரமில்லை.

வார்ன்ஃபீல்ட் பிரபு நேற்று வேட்டைக்கு வந்த சாக்கில் என் வீட்டு வாசலில் இறங்கினார். கையுறையைக்கூடக் கழற்றவில்லை. "உங்க அண்ணிக்கு எப்பப்பா ஆகும்? ஆணா இருந்தா என் தங்கச்சி மகளுக்கு. பொண்ணா இருந்தா என் ரெண்டாவது பையனுக்கு. எதுவா இருந்தாலும் எனக்குச் சரி" என்றார். அந்த இரண்டாவது பையனை நீங்கள் பார்த்ததில்லை. போன வருடம் ஒரு குதிரைக்காரனின் கண்ணைச் சாட்டையால் எடுத்தவன் அவன்.

ஒரு வழி இருக்கிறது. பிரசவ நேரத்தில் உங்கள் அறையில் நிற்கப்போகிறவர்கள் நான்கே பேர்: சபீனாவும் அவள் சொல்வதைக் கேட்கும் மூன்று ஹெல்ஸ்டோப் பெண்களும். பிள்ளை இறந்து பிறந்தது என்று அவர்கள் சொன்னால் ஷெரீஃப் எழுதிக்கொண்டு போய்விடுவார். பிள்ளை துணிக்கூடையில் என் வீட்டுக்கு வரும். என் மனைவி டெனிஸ் இரண்டு வாரமாக வெளியே போவதில்லை. வயிற்றில் துணி சுற்றியிருக்கிறாள். நாலாவது பிள்ளை என்று ஊர் நம்பும். நான் உயிரோடு இருக்கும்வரை அந்தப் பிள்ளையை எந்தப் பிரபுவும் தொட முடியாது. வளர்ந்ததும் கிரான்மூரை அதற்கே எழுதிவைக்கிறேன்.

பதிலைச் சபீனாவிடம் கொடுங்கள்.

ஃபுல்க்

---

கிரான்மூர்
அறிவிப்புத் திருநாள், 1310

தம்பி,

உன் கடிதத்தை எரிக்கவில்லை.

பிள்ளை உள்ளே வந்துவிடக் கூடாதென்று கட்டிய காவல் இது. இதே காவலை வைத்து ஒரு பிள்ளையை வெளியே கொண்டுபோகப் பார்க்கிறாய். முதலில் படித்தபோது சிரித்துவிட்டேன். காவலுக்கு நின்ற பெண் பயந்துபோனாள்.

பிறகு இரண்டு நாள் சரி என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். உன்னிடம் மறைக்கவில்லை. ஹெல்ஸ்டோ ஐந்து மைல்தானே, ஞாயிறுதோறும் பார்க்கலாம், டெனிஸ் நல்லவள் என்றெல்லாம் கணக்குப் போட்டேன். மூன்றாம் நாள் ஒன்று தோன்றியது. என் பிள்ளை என்னைப் பெரியம்மா என்று கூப்பிடும். யூடோவைப் பெரியப்பா என்று சொல்லும். குழந்தை இல்லாமல் செத்தவர் என்று சொல்லும்.

ஆனாலும் அந்தச் சாட்டைக்காரனை நினைத்தால் மறுக்கவும் முடியவில்லை. அதனால் கேட்கிறேன். கிரான்மூரைக் கொடுப்பாய் என்பதற்கு என்ன சாட்சி? உன் மகன்கள் மூன்று பேரும் வளர்ந்து, "இவனுக்கு எதுக்கு அந்த நிலம்?" என்று கேட்டால் என்ன சொல்வாய்? உன்னிடம் வாய்ச்சொல்லைத் தவிர வேறு ஏதாவது இருந்தால் அனுப்பு.

இடோனியா

---

ஹெல்ஸ்டோ
உயிர்ப்பு ஞாயிறு கழிந்த செவ்வாய், 1310

அண்ணி,

இத்துடன் இருப்பது கிரான்மூர் தானப் பத்திரம். உங்கள் ஆயுள்வரை உங்களுக்கு. உங்களுக்குப் பின் "என் வீட்டில் வளரும், யூடோவுக்குப் பிறந்த பிள்ளைக்கு" என்று எழுதி முத்திரை வைத்திருக்கிறேன். இதை ஷெரீஃபிடம் காட்டினால் போதும். என்னைச் சிறையில் தள்ளுவார்கள், ஹெல்ஸ்டோவையும் பிடுங்கிக்கொள்வார்கள். வாய்ச்சொல்லுக்கு மேல் என்னிடம் இருப்பது என் கழுத்துதான். அனுப்பிவிட்டேன்.

வார்ன்ஃபீல்டின் ஆட்கள் ஹால்ட்ரெத் காட்டில் மரங்களுக்குச் சுண்ணாம்புக் குறி போடுகிறார்கள். அண்ணன் நட்ட மரங்கள். முடிவைச் சீக்கிரம் சொல்லுங்கள்.

ஃபுல்க்

---

கிரான்மூர்
மே இருபத்துநான்கு, 1310

தம்பி,

உனக்குச் செய்தி வந்திருக்கும். ஆனாலும் என் வாயால் நீ கேட்க வேண்டும்.

புதன்கிழமை காலைப் பூசை மணி அடிக்கும்போது வலி தொடங்கியது. நண்பகலுக்குள் பிறந்துவிட்டாள். பெண். அவளைக் கையில் வாங்கிய சபீனா உடனே கம்பளியால் மூடினாள். நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சபீனா என் காதருகே குனிந்து, "அம்மா, குடுத்துருங்க. கீழ துணி மூட்டையோட வண்டி நிக்குது. அழறதுக்குள்ள நான் எடுத்துட்டுப் போயிடறேன்" என்றாள்.

அந்த நிமிஷம்வரை நான் முடிவு செய்திருக்கவில்லை, ஃபுல்க். இது சத்தியம். உன் பத்திரம் என் தலையணைக்குள் இருந்தது. சரி என்று சொல்ல வாயைத் திறந்தேன். சபீனா பிள்ளையின் முகத்தின்மேல் கம்பளியை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டாள். சத்தம் வராமல் இருக்கத்தான். வேறு எண்ணம் அவளுக்கு இல்லை. ஆனால் அதற்கு மேல் என்னால் பார்த்துக்கொண்டு படுத்திருக்க முடியவில்லை. "துணியை எடு" என்றேன். "அம்மா, சின்னவர் என்ன சொன்னாருன்னா..." என்று இழுத்தாள். "துணியை எடு. சன்னலைத் திற" என்றேன். ஒருவரும் அசையவில்லை. நானே இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு போய்த் திறந்தேன். குளிர் காற்று பட்டதும் அவள் அழுதாள். அப்படி ஓர் அழுகை. முற்றத்தில் நின்ற ஷெரீஃபின் ஆள் தொப்பியைக் கழற்றினான். ஹாமோ, "கேட்டீங்களா, எல்லாரும் கேட்டீங்களா?" என்று ஒவ்வொருவராகப் பிடித்துக் கேட்டார்.

உன் அம்மாவின் பெயரை வைத்திருக்கிறேன். அமபெல்.

இடோனியா

---

ஹெல்ஸ்டோ
ஜூன் முதல் நாள், 1310

அண்ணி,

ஒரு வாரமாக எழுத உட்கார்ந்து எழுந்துவிடுகிறேன்.

அவளை வார்ன்ஃபீல்டுக்குக் கொடுத்துவிட்டீர்கள். உங்கள் கையால் சன்னலைத் திறந்து கொடுத்துவிட்டீர்கள். கோபத்தில் எழுதுகிறேன் என்று தெரிகிறது. ஆனாலும் எழுதியதை அடிக்கப் போவதில்லை. டெனிஸுக்குப் பிள்ளை தங்கவில்லை என்று ஊரில் சொல்லியிருக்கிறோம். பக்கத்து வீட்டார் முட்டையும் தேனும் எடுத்துக்கொண்டு துக்கம் விசாரிக்க வருகிறார்கள். இல்லாத பிள்ளைக்காக அவள் நிஜமாகவே அழுகிறாள்.

அந்தப் பெயரை நீங்கள் வைத்திருக்கக் கூடாது. அந்தப் பெயரை யாரும் உரக்கச் சொல்லி நான் கேட்டு முப்பது வருடம் ஆகிறது.

ஃபுல்க்

---

கிரான்மூர்
ஜூன் ஒன்பது, 1310

தம்பி,

வார்ன்ஃபீல்டின் ஆள் வந்துவிட்டுப் போனான். தொட்டிலைப் பார்த்து, "நல்ல திடமா இருக்கு" என்றான், கன்றுக்குட்டியைப் பார்த்துச் சொல்வதுபோல. புனித யோவான் திருநாளன்று, ஒரு தாதியோடு அவளைக் கோட்டைக்கு அனுப்ப வேண்டுமாம். "மூணு வாரக் குழந்தை, பால் குடிக்குது" என்றேன். "பாலுக்குத்தானே தாதி" என்றான். எனக்கும் ஒரு மாப்பிள்ளை பார்த்திருக்கிறாராம் பிரபு. அதையும் போகிற போக்கில் சொன்னான்.

ஆக, நீ சொன்னதெல்லாம் நடக்கிறது. நீ சரியாகத்தான் சொன்னாய். நான் செய்ததும் தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. இரண்டையும் ஒரே மனதில் வைத்துக்கொண்டு, மிச்சமிருக்கும் பதினைந்து நாளை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

இத்துடன் உன் தவக்காலக் கடிதமும் பத்திரமும் இருக்கின்றன. வேறு பிரதி எடுக்கவில்லை. ஹாமோ சொன்னார்: "அம்மா, இது கையில இருந்தா சின்னவரை என்ன வேணா செய்ய வைக்கலாம்." தெரியும். ஆனால் அவளுடைய சித்தப்பாவின் கழுத்தில் கயிற்றைப் போட்டு, நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு என்னால் பிள்ளை வளர்க்க முடியாது. நீயே எரித்துவிடு.

உன்னிடம் எதுவும் கேட்டு இதை எழுதவில்லை.

இடோனியா

---

வார்ன்ஃபீல்ட் கோட்டை வாசல் விடுதி
ஜூன் இருபத்திரண்டு, 1310

அண்ணி,

இந்தக் கடிதத்தோடு வருகிற குதிரைக்காரனை உடனே உள்ளே விடுங்கள். அவனிடம் இருக்கும் முத்திரைப் பத்திரத்தை ஷெரீஃபின் ஆள் முன்னிலையில் பிரியுங்கள். அதுவரை யார் வந்து கேட்டாலும் பிள்ளையைக் கொடுக்காதீர்கள்.

வார்ன்ஃபீல்டின் மான் காட்டுக்கும் ஆற்றுக்கும் நடுவே ஹெல்ஸ்டோ கிடப்பது அவர் அப்பா காலத்திலிருந்தே அவர்களுக்கு உறுத்தல். நான் போய், "ஹெல்ஸ்டோவை எடுத்துக்கொள்ளுங்கள். அமபெல்லின் காப்பு உரிமையையும் கல்யாண உரிமையையும் நிலத்தோடு சேர்த்து விட்டுவிடுங்கள்" என்றேன். அவர் வாயிலிருந்த கறியை மென்று முடித்துவிட்டு, "அண்ணன் பொண்ணுக்காகவா? அவ செத்தா உனக்குத்தானப்பா எல்லாம் வரும். பொறுமையா இருந்தா போதுமே" என்றார். மேசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மூன்று நாள் காக்க வைத்தார். நேற்று மாலை முத்திரை வைத்தார். உங்களுக்குப் பார்த்த மாப்பிள்ளை பற்றிய பேச்சும் அத்தோடு போயிற்று, எழுத்தில் வாங்கியிருக்கிறேன்.

பத்திரத்தில் காப்பாளர் என்ற இடத்தில் உங்கள் பெயர் இருக்கும். எழுத்தர் என் பெயரைத்தான் எழுதத் தொடங்கினார், நிறுத்தச் சொன்னேன். பிரபு அன்று மேசையில் சொன்னது உண்மைதானே. அவள் செத்தால் லாபமடைகிறவன் நான். அப்படிப்பட்ட ஒருவன் அவளுடைய கஞ்சிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது. மார்ச் மாதம் நான் என்னை வேறு மாதிரி நினைத்திருந்தேன். ஆனால் கம்பளியை இழுத்துவிட்டது என் ஆள்தானே அண்ணி. நான் சொல்லித்தானே இழுத்தாள்.

டெனிஸிடம் சொன்னபோது அவள் பிசைந்துகொண்டிருந்த மாவிலிருந்து கையை எடுக்கவில்லை. "மூணு பிள்ளைங்களை எங்க கொண்டுபோய் நிறுத்தறது? அதைச் சொல்லிட்டு அப்புறம் நல்லவனா இரு" என்றாள். சாயங்காலம் அவளே வந்து, "அந்தப் பொண்ணு யார் மாதிரி இருக்காம்?" என்று கேட்டாள்.

அவளும் பிள்ளைகளும் அவள் அண்ணன் வீட்டுக்குப் போகிறார்கள். நான் கடல் கடந்து கஸ்கனிக்குக் கூலிப்படை வீரனாகப் போகிறேன். அறுவடைக்குப் பிறகு கப்பல். நமக்குள் பழைய கணக்கு ஏதும் இருந்தால் அது என்னோடு போகட்டும்.

ஃபுல்க்

---

கிரான்மூர்
புனித யோவான் திருநாள், 1310

தம்பி,

இன்று காலை கோட்டை ஆட்கள் வண்டியோடு வந்தார்கள். ஷெரீஃபின் ஆள் பத்திரத்தை உரக்கப் படித்தான். வண்டிக்காரன் குதிரைகளைத் திருப்பினான். தாதிக்குக் கொண்டுவந்திருந்த நாற்காலி வண்டியில் காலியாகவே ஆடிக்கொண்டு போனது. அடைத்த கதவுகளிலிருந்து தச்சன் ஆணி பிடுங்கிக்கொண்டிருக்கிறான். அந்தச் சத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

நீ கஸ்கனிக்குப் போக வேண்டாம். ஹால்ட்ரெத்தில் அடுத்த மாதம் ஊர் வழக்குகள் கேட்க வேண்டும். ஹாமோவுக்குக் காது மந்தம். வார்ன்ஃபீல்டின் ஆட்கள் வெட்டிப் போட்ட பதினொரு மரம் காட்டில் கிடக்கிறது. அவற்றை இழுத்து வர யாரும் இல்லை. மேற்குப் பக்க அறைகள் நான்கும் சும்மா இருக்கின்றன. டெனிஸையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வா. காப்பாளர் நான், காரியஸ்தனாக நீ இரு. கஞ்சிக் கிண்ணத்தை டெனிஸும் நானும் பார்த்துக்கொள்கிறோம். உன் மகன்களை வேண்டுமானால் தொட்டிலுக்குப் பக்கத்தில் விடு.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்து வராதே. அந்தப் பன்னிரண்டு பேரின் கைகள் இன்னும் என் உடம்பைவிட்டுப் போகவில்லை. ஒரே மேசையில் உட்காரும்போது சில நாள் உன் முகத்தைப் பார்த்ததும் நான் பாதியில் எழுந்து போய்விடுவேன். என்னைக் கூப்பிடாதே, காரணமும் கேட்காதே. நீ பாட்டுக்குச் சாப்பிடு. மறுநாள் நான் மறுபடியும் வந்து உட்காருவேன்.

இடோனியா